கீழே இருக்கும் எண்

பிப்ரவரி 3

அன்புள்ள சிலேட்டுக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் சுகம். நீயும் உன் வீட்டுக்காரியும் அம்மாவும் சுகம்தானே? அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? மாத்திரையை நீயே எடுத்துக் கொடு. அவளிடம் விட்டால் ஒன்றை இரண்டாகப் பிட்டு மிச்சம் பிடிப்பாள்.

நாற்பது வயதுக்காரனைச் சிலேட்டு என்று கூப்பிடலாமா என்று உன் வீட்டுக்காரி கேட்டாளாமே. பின்னக் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டு, நான் பார்ப்பதற்குள் எச்சில் தொட்டு அழித்தவன் நீ என்று அவளிடம் சொல். மேலே இருக்கிற எண்ணையே பார்த்துக்கொண்டு நிற்பாய். கீழே இருப்பதை முதலில் பாருடா என்று கத்திக் கத்தி என் தொண்டை போனது.

இங்கே ஒரு கூத்து. எங்கள் வங்கி தன் தலைமை அலுவலகக் கட்டடத்தையே விற்றுவிட்டது. கொள்ளை விலையாம். எங்களை மூட்டை கட்டி ஒரு வாடகைக் கட்டடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். பத்தொன்பது வருடம் ஜன்னல் ஓரத்தில் இருந்த என் மேசை இப்போது கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில். வேறு பிரிவுக்கு மாற்றம் வரும் என்றும் பேச்சு.

அப்பா கட்டிய வீடு விற்ற பணம் வந்துவிட்டதா? அம்மாவுக்கு என் தெருப்பக்கமாக ஒரு சின்ன வீடு பார்க்கிறேன். உன் வீட்டு நடையில் கட்டில் போட்டுப் படுக்கிறவள், போனில் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எனக்குன்னு ஒரு கதவு வேணும், சாவி என் இடுப்புல இருக்கணும்."

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா

---

பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். போனில் பேசினால் நாம் சண்டை போடுகிறோம், எழுதினால்தான் ஒழுங்காக இருக்கிறோம் என்று அம்மா போட்ட சட்டத்தை மதித்து எழுதுகிறேன்.

கழிப்பறை ஓரம் கிடைத்ததற்கு வாழ்த்துகள். இனி மேலாளரானாலும் உன்னைத் தாண்டித்தான் போயாக வேண்டும்.

பணம் வந்துவிட்டது. அதை என்ன செய்தேன் என்று சொன்னால் நீ என்னைச் சிலேட்டு என்று கூப்பிட மாட்டாய். எங்கள் பத்திரிகையின் பங்குச்சந்தைப் பக்கத்துக்கு நான்தான் பிழை திருத்துகிறேன் என்று உனக்குத் தெரியும். அதில் கடைசிக் கட்டம் விலைக்கும் லாபத்துக்கும் உள்ள விகிதம். பங்கின் விலையை, ஒரு பங்குக்கு வந்த ஒரு வருட லாபத்தால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான். உன் வங்கியின் பங்கு விலை 84. லாபம் 14. வகுத்தால் ஆறு. போட்ட காசு ஆறு வருட லாபத்தில் திரும்பிவிடும் என்று அர்த்தம். எண் சின்னதாக இருந்தால் பங்கு மலிவு.

கிடங்குக்குப் போய்ப் பத்து வருடப் பழைய பக்கங்களை எடுத்துப் பார்த்தேன். தும்மல்தான் தாங்க முடியவில்லை. ஒவ்வொரு பிப்ரவரியிலும் உன் வங்கிக்கு எதிரே இருந்த எண்ணை எழுதினேன். சராசரி பன்னிரண்டு. எவ்வளவு மோசமான வருடத்திலும் ஒன்பதுக்குக் கீழே போனதில்லை. இன்று ஆறு! பழையபடி பன்னிரண்டுக்குத் திரும்பினால் விலை இரண்டு மடங்கு. அம்மாவுக்கு ஓர் அறை வீடு எதற்கு, இரண்டு அறையாகவே வாங்கலாம். ஒரு வருடம் பொறுத்தால் போதும்.

முழுப் பணத்தையும் உன் வங்கியில்தான் போட்டிருக்கிறேன். உன் சம்பளத்துக்கு நானும் ஒரு முதலாளி, பார்த்து நடந்துகொள்.

தம்பி

---

மார்ச் 15

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீங்களும் நலம்தானே.

முழுப் பணமுமா? பாதியையாவது வைத்திருக்கக் கூடாதா? அது அம்மாவின் பணமடா.

எனக்குப் பங்குக் கணக்கு தெரியாது, பின்னக் கணக்கு தெரியும். கீழே இருப்பதை முதலில் பார். போன வருடம் எட்டு ரூபாயாக இருந்த லாபம் இந்த வருடம் எப்படிப் பதினாலு ஆனது? வங்கியின் ஆண்டறிக்கை உனக்கும் வந்திருக்குமே. படித்தாயா?

என்னை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். கடன் வாங்கிவிட்டுக் கட்டாதவர்களின் கோப்புகள் வருகிற பிரிவு. இன்னும் ஒன்றும் பிடிபடவில்லை. மேசை மட்டும் அதே கழிப்பறை ஓரம்தான்.

அம்மாவை வெயிலில் நடக்க விடாதே.

அக்கா

---

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் எல்லோரும் நல்லபடியாக இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. உன் தலைவலி எப்படி?

ஆண்டறிக்கை வந்தது. இருநூறு பக்கம், அதிலும் பாதிக்குமேல் எறும்பு ஊர்வது மாதிரி எழுத்து. நாள் முழுக்கப் பொடி எழுத்தைப் பார்த்துக் கண் பூத்துப்போகிறவன், வீட்டுக்கு வந்தும் அதையே பார்க்க வேண்டுமா? முதல் நாலு பக்கம் படித்தேன். உங்கள் தலைவர் செலவைக் குறைத்து லாபத்தைக் கூட்டினாராம். படத்தில் நன்றாகச் சிரிக்கிறார். உன் ஜன்னலைப் பிடுங்கினாரே, அதுவும் சிக்கனம்தான்.

"அக்கா வேலை பாக்குற இடம்தானே, அப்புறம் என்ன பயம்" என்று அம்மாவே சொல்லிவிட்டாள். அவள் சொன்னதில் பாதி என் மனதில் இருந்ததுதான்.

உனக்குச் சந்தேகம் இருந்தால் விற்றுவிடு என்று ஒரு வார்த்தை எழுது. கடிதம் வந்த அன்றே விற்றுவிடுகிறேன், ஏன் என்றுகூடக் கேட்க மாட்டேன். நீ சொல்லி நான் கேட்காதது என்று இதுவரை ஏதாவது உண்டா?

உன் தம்பி

---

ஜூன் 8

அன்புள்ள தம்பிக்கு,

அங்கே எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் இருக்கிறேன்.

உன் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. உடனே பதில் எழுத முடியவில்லை. வேலை அதிகம். சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டே இருக்கிறது, சரிசெய்ய வருகிறேன் என்றவர் இன்னும் வரவில்லை. செருப்பு அறுந்தது, புதிது வாங்கினேன், அதுவும் கடிக்கிறது.

அலுவலக விஷயம் எதையும் இனி எழுத மாட்டேன். இந்தப் பிரிவில் இருப்பவர்கள் வெளியே வாய் திறக்கக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.

என் தெருக்கோடியில் ஒரு தரைத்தள வீடு விலைக்கு வந்திருக்கிறது. ஓர் அறைதான். ஆனால் வாசலில் படி கிடையாது, அம்மாவின் முழங்காலுக்கு ஏற்றது. இப்போதே வாங்கிவிட்டால் நல்லது என்று எனக்குப் படுகிறது. அம்மாவுக்கு எதற்கு இரண்டு அறை? யோசித்துப் பார். நன்றாக யோசித்துப் பார்.

அக்கா

---

ஜூலை 1

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதத்தில் ஒரு களைப்புத் தெரிகிறதே, உடம்பு சரியில்லையா? செருப்புக் கடிக்குத் தேங்காய் எண்ணெய் தடவு.

வீடு விஷயம். அவசரப்படாதே. விலை இப்போது எழுபதுக்கு இறங்கியிருக்கிறது. எழுபதைப் பதினாலால் வகுத்தால் ஐந்து. பத்து வருடத்தில் இவ்வளவு மலிவாக இது கிடைத்ததே இல்லை. இந்த நேரத்தில் போய் விற்பேனா? என் சேமிப்பையும் எடுத்து இன்னும் கொஞ்சம் வாங்கிப் போட்டேன்.

உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தேன். நீ விற்கச் சொல்லவில்லை. அதுவே எனக்குப் போதும். நான் தைரியமாக இருக்கிறேன்.

அம்மா இப்போதே சாவிக்கொத்துக்கு ஒரு கயிறு தேடி எடுத்து வைத்திருக்கிறாள்.

தம்பி

---

ஆகஸ்ட் 30

அன்புள்ள தம்பிக்கு,

நலம். அனைவரின் நலமும் கேட்டதாகச் சொல்லவும்.

அந்தத் தரைத்தள வீட்டை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள்.

அக்கா

---

அக்டோபர் 19

அக்காவுக்கு,

எல்லோரும் உயிரோடு இருக்கிறோம்.

உன் வங்கி நேற்று அறிக்கை விட்டது. கொடுத்த கடனில் கால்வாசி திரும்பாதாம். இரண்டு வருடமாக மூடி வைத்திருந்தார்களாம். லாபம் இல்லை, நஷ்டம். இன்று பக்கம் என் மேசைக்கு வந்தபோது விலைக் கட்டத்தில் 17. கடைசிக் கட்டத்தில் எண்ணே இல்லை, ஒரு கோடு. நஷ்டத்தால் வகுத்தால் அர்த்தம் இல்லை, அதனால் கோடு போடுவார்கள். அது தெரிந்தும் அச்சுப் பிழை என்று நினைத்துச் சிவப்புப் பென்சிலால் சுழித்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரர்தான் சொன்னார், "அது சரிதான் சார், அப்படியே விட்டுடுங்க."

நீ அங்கேதான் உட்கார்ந்திருந்தாய். கட்டாத கடன்களின் கோப்புகள் உன் கையைத் தாண்டித்தான் போயின. உனக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு வார்த்தை கேட்டேன். நீ எனக்குக் குழாய் ஒழுகுகிறது என்று எழுதினாய், செருப்புக் கடிக்கிறது என்று எழுதினாய்.

அம்மா அந்தச் சாவிக் கயிற்றை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் இந்த வீட்டில் இருக்க முடியவில்லை. அடுத்த வாரம் ரயிலேற்றி அனுப்புகிறேன், உன்னோடு கொஞ்ச நாள் இருக்கட்டும். என்னிடம் கேட்க வேண்டியதை உன்னிடம் கேட்கட்டும்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

---

நவம்பர் 6

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா நல்லபடியாக வந்து சேர்ந்தாள். எழுத வேண்டாம் என்றாய். இது ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன்.

தெரியும். மே மாதத்திலிருந்து தெரியும்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பதினாலு ரூபாய் லாபத்தில் எட்டு ரூபாய் கட்டடம் விற்று வந்தது. ஒரு கட்டடத்தை ஒரு தடவைதான் விற்க முடியும். கடன் கொடுத்துச் சம்பாதித்தது ஆறு ரூபாய்தான். 84-ஐ ஆறால் வகுத்துப் பார், பதினாலு வரும். உன் பத்து வருடச் சராசரியைவிட அதிகம். நீ வாங்கிய அன்றைக்கே அது மலிவு இல்லை. இது ரகசியமும் இல்லை, ஆண்டறிக்கையில் அச்சிட்டது. கட்டடம் விற்றதை நானே பிப்ரவரியில் உனக்கு எழுதினேன். எனக்கும் அப்போது அது ஜன்னல் விஷயமாகத்தான் தெரிந்தது. நீயும் சிரித்தாய், நானும் சிரித்தேன்.

கடன் விஷயம் வேறு. அது ரகசியம். கோப்பு கோப்பாகப் படித்தபோதுதான் எவ்வளவு கடன் திரும்பாது என்று தெரிந்தது. மே மாதம் ஒருநாள் காலையில் உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். நலமா என்றுகூடக் கேட்கவில்லை. "உடனே விற்றுவிடு. ஏன் என்று கேட்காதே" என்பது மட்டும். தபால் பெட்டிக்குள் பாதி போட்டுவிட்டேன். விரல் விடவில்லை. பின்னால் நின்ற ஆள், "போடுறீங்களா இல்லையாம்மா?" என்றார். இழுத்துக்கொண்டேன்.

வேலை போகும், வழக்கு வரும் என்று பயந்தேன். அதுதான் முதல் காரணம். நீ விற்றால் அந்த நஷ்டம் வாங்குகிற இன்னொருவன் தலையில்தானே விழும் என்ற நியாயமெல்லாம் அதற்குப் பிறகு வந்தது. பெரிய மனுஷி மாதிரி வரிசையை மாற்றிச் சொல்ல மாட்டேன்.

அம்மா தூங்கும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒன்றே ஒன்று சொல். அந்தக் கடிதத்தை அனுப்பியிருந்தால் நீ விற்றிருப்பாயா? எதுவானாலும் சொல். தெரியாமல் இருக்க முடியவில்லை.

உன் அக்கா

---

ஜனவரி 11

சின்னவனுக்கு அம்மா எழுதறது. நல்லா இருக்கியா? மருமக நல்லா இருக்காளா? எனக்கு எழுத்து கோணலாத்தான் வரும், பொறுத்துக்க.

ரெண்டு மாசமா உங்கிட்டேருந்து கடுதாசி இல்லை. பெரியவ வேலைவிட்டு வந்ததும் செருப்பைக்கூடக் கழட்டாம தபால் பொட்டியத்தான் பாக்குறா. அப்புறம் ஒண்ணும் நடக்காத மாதிரி வந்து எனக்குக் காபி போடுறா.

அவ அலமாரியில துணி அடுக்கறப்ப ஒரு காகிதக் கட்டு கெடைச்சுது. வங்கியில வருஷா வருஷம் அவளுக்குச் சம்பளத்தோட குடுத்த பங்காம். பத்தொன்பது வருஷத்துது. ஒண்ணைக்கூட விக்கலை. என்னடி இதுன்னு கேட்டேன். ஆகஸ்ட் மாசம் வேலைக்காரங்க வித்துக்கலாம்னு ரெண்டு வாரம் விட்டாங்களாம். அவ பிரிவுல அத்தனை பேரும் வித்துட்டாங்களாம். நீ ஏன்டி விக்கலேன்னேன். "அவன் உள்ள மாட்டிக்கிட்டு இருக்கறப்ப நான் மட்டும் எப்படிம்மா எறங்கறது"ன்னா.  உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டா. நான் சொல்லலை, எழுதத்தானே செய்யறேன்.

இந்த ஒத்தை அறை வீட்டுக்கு எனக்கும் ஒரு சாவி பண்ணிக் குடுத்திருக்கா. உன் வீட்டுல எடுத்து வெச்ச அந்தக் கயித்துல கோத்துக் கட்டியிருக்கேன். எனக்கு அது போதும்டா. என்னைச் சாக்கு வெச்சு நீங்க ரெண்டு பேரும் பேசாம இருக்காதீங்க. நான் இருக்கற வரைக்கும் அதை எனக்குப் பண்ணாதீங்க.

அம்மா

---

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமா? உண்மையாகவே கேட்கிறேன்.

அம்மா எழுதினாள். அவளைத் திட்டாதே. படித்துவிட்டு அலுவலகக் கிடங்கில் போய் உட்கார்ந்து அழுதேன். தூசு என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஆண்டறிக்கையை எடுத்துப் படித்தேன், இருநூறு பக்கமும். நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம், அடிக்குறிப்பு. கட்டடம் விற்ற லாபம் இதில் அடங்கும் என்று இரண்டே வரி. ஒரு கால்புள்ளி இடம் மாறினால் கண்டுபிடிக்கிறவன் என்று பத்திரிகையில் எனக்குப் பெயர். வீட்டு அலமாரியில் பத்து மாதம் கிடந்ததை முதல் நாலு பக்கத்துக்கு மேல் நான் புரட்டிப் பார்க்கவில்லை. உன் பிப்ரவரிக் கடிதத்தையும் எடுத்துப் படித்தேன். நீ எழுதியிருக்கிறாய். நான் அதில் கழிப்பறையை மட்டும் படித்திருக்கிறேன். அந்த அக்டோபர் கடிதத்தை எழுதிய கையை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் மூன்று மாதம் இருந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன். விற்றிருக்க மாட்டேன். நீ அனுப்பியிருந்தாலும் விற்றிருக்க மாட்டேன். ஜன்னல் போன கோபத்தில் அக்கா வங்கியைக் கரித்துக்கொட்டுகிறாள் என்று சிரித்துவிட்டு, மேலும் பத்துப் பங்கு வாங்கியிருப்பேன். என் பிடிவாதம் உனக்குத் தெரியாததா? ஆகவே அந்தக் கடிதத்தைப் போட்டிருந்தாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான். உன் வேலைதான் வீணாகப் போயிருக்கும். நன்றாகத் தூங்கு.

அடுத்த மாதம் விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறேன். குழாயை நான் சரிசெய்து தருகிறேன்.

உன் சிலேட்டு

---

பிப்ரவரி 20

அன்புள்ள சிலேட்டுக்கு,

நானும் அம்மாவும் சுகம். வரும்போது அம்மாவின் பழைய கம்பளியை எடுத்து வா, உன் வீட்டுக்காரியையும் கூட்டி வா. குழாய் இன்னும் ஒழுகுகிறது.

உன் பதில் கிடைத்தது. மூன்று தடவை படித்தேன். நான் பார்ப்பதற்குள் அழித்துவிடுகிற பழக்கம் உன்னைவிட்டுப் போகவில்லை.

ஒரு வார்த்தை எழுது என்று கேட்டு நீ போன ஏப்ரலில் எழுதிய கடிதம் என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது. அதில் என்ன எழுதியிருந்தாய் என்று எடுத்துப் பார்க்கப் போவதில்லை. விற்றிருக்க மாட்டேன் என்று நீ சொல்கிறாய். சரி. விற்றிருக்க மாட்டாய்.

உன் அக்கா